துத்தநாகம் உள்ளே, செம்பு வெளியே: செம்மறி ஆடு நடத்திய பாடம்

2020, 2021 ரெண்டு வருஷமும் ஜிங்க் மாத்திரை வாங்காத வீடு நம்ம பக்கம் ரொம்பக் கம்மி. வைட்டமின் சி-யும் ஜிங்க்கும் ஜோடியா மளிகை லிஸ்ட்லயே ஏறிப்போச்சு. டாக்டர் அஞ்சு நாளைக்குன்னு எழுதிக் கொடுத்தத அஞ்சு மாசம் முழுங்கினவங்களும் உண்டு. கேட்டா ஒரே பதில்: "சத்துதானேங்க, கொஞ்சம் கூடப் போனா என்ன?"

இந்தக் கேள்விய மனுஷன்கிட்ட யாரும் ஒழுங்கா கேக்குறதுக்கு முன்னாடியே செம்மறி ஆட்டுகிட்ட கேட்டுட்டாங்க மக்களே. ஆடும் தெளிவா பதில் சொல்லிடுச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. ஆஸ்திரேலியா, ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, ஈரான்னு ஒரு சுத்து சுத்திட்டு கடைசியா நம்ம சென்னீர்குப்பத்துக்கு வருவோம். பதிவு கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கிறவங்க ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் படிங்க :-)

ரெண்டு துத்தம்

முதல்ல பேரப் பாத்துடுவோம். ஜிங்க்குக்குத் தமிழ்ல துத்தநாகம். பழைய ஐரோப்பிய வியாபாரிங்க 'டூட்டநாக்'னு கணக்குல எழுதி வச்ச சரக்குக்கும் இந்த வார்த்தைக்கும் சொந்தம் இருக்கு. நாட்டு மருந்துக் கடையில 'மயில்துத்தம்'னு கேட்டா மயில் கழுத்து நிறத்துல நீலமா ஒரு கல்லு எடுத்துக் குடுப்பாங்க. அது செம்பு சல்பேட். 'வெள்ளைத்துத்தம்'னு கேட்டா அது துத்தநாக சல்பேட். பேர்ல ரெண்டும் பங்காளிங்க.

தனிம அட்டவணையிலயும் அப்படித்தான். செம்பு 29, துத்தநாகம் 30. பக்கத்து பக்கத்து வீடு. பங்காளின்னா சண்டை இல்லாம இருக்குமா? ஆட்டோட வயித்துக்குள்ள நடந்ததும் ஒரு பங்காளிச் சண்டைதான்.

ஆடு வளக்கிறவங்களுக்கு ரெண்டு துத்தமும் பழக்கமான சரக்கு. குளம்பு அழுகினா இந்த ரெண்டுல ஒண்ண தண்ணியில கரைச்சு தொட்டியில ஊத்தி, ஆட்ட அதுக்குள்ள நிக்க வைக்கிறது உலகம் முழுக்க உள்ள வைத்தியம். குளம்புக்கு எதுன்னாலும் வேலை செய்யும். வயித்துக்குள்ள போனாத்தான் வித்தியாசம்.

ரொம்பக் கொஞ்சம்னா எவ்வளவு?

செம்மறி ஆடு திங்கிற தீவனத்துல (ஈரம் போக, காய்ந்த எடைக் கணக்குல) ஒரு கிலோவுக்குத் துத்தநாகம் 20-லேர்ந்து 33 மில்லிகிராம், செம்பு 7-லேர்ந்து 11 மில்லிகிராம் இருந்தா போதும்னு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1985-ல் புத்தகம் போட்டுச் சொன்னது. ஒரு கிலோவில் ஒரு மில்லிகிராம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஒரு டன் தீவனத்துக்குப் பத்து கிராம் செம்பு. அவ்வளவுதான்.

இவ்வளவு துளியூண்டு சமாச்சாரம் உயிருக்கு அவசியம்னு முதல்ல காட்டினது ஒரு பூஞ்சை. 1869-ல் பாஸ்டரோட மாணவர் ஜூல்ஸ் ரௌலின், ரொட்டியில பூக்கிற கருப்புப் பூஞ்சை துத்தநாகம் இல்லாம சரியா வளராதுன்னு கண்டுபிடித்தார். அதுக்கப்புறம் விலங்குக்கும் வேணும்னு நிரூபிக்க 65 வருஷம் ஆச்சு. 1934-ல்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாட், எல்வெஜம், ஹார்ட் மூணு பேரும் எலிகள வச்சு அதைச் செய்தார்கள்.

ஏன் இவ்வளவு நாள்? துத்தநாகமே இல்லாத சாப்பாடு தயார் பண்றது லேசுப்பட்ட வேலை இல்ல. தகர வாளியில தண்ணி வச்சா அந்த வாளி மேல பூசியிருக்கிற துத்தநாகம் தண்ணியில இறங்கிடும். ரப்பர்லயும் துத்தநாகம் இருக்கு. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு தகர ஷெட்டுல இந்தப் பரிசோதனைய வச்சா கூரைத் தண்ணி ஒண்ணே போதும், ரிசல்ட் புட்டுக்கும்.

அதே விஸ்கான்சின் ஆட்கள் 1928-ல் இன்னொண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க. எலிக்கு ரத்த சோகை வந்தா இரும்பு மட்டும் குடுத்தா பத்தாது, கூடத் துளி செம்பும் வேணும். இரும்பு ரத்தத்துல போய்ச் சேர செம்பு உதவி செய்யணும். இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவில் தள்ளாடிய குட்டிகள்

1930-கள்ல ஆஸ்திரேலியாவில் ஒரு புதிர். பச்சைப் பசேல்னு புல்லு இருக்கும். ஆடு, மாடு வயிறு முட்ட மேயும். ஆனா எலும்பும் தோலுமா மெலிஞ்சு செத்துப்போகும். தெற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்துல இதுக்குக் 'கடற்கரை நோய்'னே பேரு. வேற மேய்ச்சலுக்கு ஓட்டிக்கிட்டுப் போனா தானா தேறிடும்.

ஆரம்பத்துல இரும்புச் சத்துக் குறைவுன்னு நெனச்சாங்க. இரும்புத்தாது மண்ணைக் கொடுத்தா சில சமயம் தேறவும் செஞ்சது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எரிக் அண்டர்வுட், ஃபில்மர் ரெண்டு பேரும் கொஞ்சம் குடைஞ்சு பாத்தாங்க. அந்தத் தாதுவுல இருந்து இரும்பை எடுத்துட்டு மிச்சத்த மட்டும் கொடுத்தாங்க. அப்பவும் தேறுச்சு! அப்ப மருந்து இரும்பு இல்ல, அதுல ஒட்டிக்கிட்டு வந்த வேற ஏதோ ஒண்ணு. 1935-ல் அது கோபால்ட்னு தெரிஞ்சது. அதே வருஷம் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹெட்லி மார்ஸ்டனும் லைன்ஸும் இதே முடிவுக்கு வந்தாங்க. ஆனா கடற்கரை நோய்க்குக் கோபால்ட் மட்டும் பத்தல, செம்பும் சேர்த்துக் கொடுத்தாத்தான் முழுசா குணமாச்சு. பி12 வைட்டமினுக்குள்ள கோபால்ட் இருக்குன்னு 1948-ல் தெரிஞ்சதும்தான் விஷயம் விளங்கிச்சு. ஆட்டோட பெரிய வயித்துல குடியிருக்கிற நுண்ணுயிர்கள் கோபால்ட்ட வச்சுத்தான் ஆட்டுக்கு பி12 தயார் பண்ணிக் கொடுக்குது.

செம்புக்குத் தனியா ஒரு கதை இருக்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பொறந்த குட்டிங்க பின்னங்கால் பின்னி, தள்ளாடித் தள்ளாடி விழுந்து சாகும். பென்னட்ஸ், சாப்மன் ரெண்டு பேரும் 1937-ல் காரணத்தச் சொன்னாங்க: சினையா இருக்கிறப்ப தாய் ஆட்டுக்குச் செம்பு பத்தல. வயித்துக்குள்ள இருக்கும்போதே குட்டியோட நரம்பு கெட்டுப்போச்சு. பொறந்தப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.

"அப்பாடா, செம்ப அள்ளிப் போட்டா முடிஞ்சது"ன்னு தோணுதில்ல? அங்கதான் செம்மறி ஆடு ஒரு ஆப்பு வச்சிருக்கு.

செம்புக்கும் செம்மறிக்கும் ஆகாது

பண்ணை விலங்குகள்லயே செம்பு விஷத்துக்குச் சுலபமா பலியாகிறது செம்மறிதான். மாடு தீவனத்துல கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் தாங்கும். வெள்ளாடும் செம்மறிய விட நல்லாவே தாங்கும். பன்றி வளக்கிறவங்க 1950-கள்ல இருந்து சீக்கிரம் வளரணும்னு நூறு மில்லிகிராமுக்கும் மேல வேணும்னே கலந்தாங்க. செம்மறிக்கோ 15-ஐத் தாண்டினாலே ஆபத்து ஆரம்பம். தேவை 7-லேர்ந்து 11, ஆபத்து 15-லேர்ந்து. நடுவுல இருக்கிற வரப்பு அவ்வளவு குறுகல்.

காரணம் ஈரல். மத்த விலங்கெல்லாம் வேண்டாத செம்பைப் பித்தநீர் வழியா வெளிய தள்ளிடும். செம்மறிக்கு அந்த வேலை மந்தம். உள்ள வந்ததை எல்லாம் ஈரல்ல சேத்து வச்சுக்கிட்டே இருக்கும். வாரக்கணக்கா, மாசக்கணக்கா. வெளிய பாத்தா ஆடு ஜம்முனு இருக்கும். திடீர்னு ஒரு நாள் வண்டியில ஏத்திக்கிட்டுப் போற அலைச்சல்லயோ, பட்டினியிலயோ ஈரல் உடைஞ்சு மொத்தச் செம்பும் ரத்தத்துல கொட்டும். சிவப்பணுக்கள் வெடிக்கும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும், மூத்திரம் டிகாஷன் கலர்ல போகும். பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சிடும். நம்ம பாஷையில சொன்னா, மெமரி லீக் உள்ள ப்ரோக்ராம் மாதிரி. மாசக்கணக்கா சத்தமில்லாம ஓடும், ஒரு நாள் மொத்தமா கவுந்துடும்.

ஆக, செம்பு கொறஞ்சா குட்டி தள்ளாடிச் சாகும், கூடினா ஆடு மஞ்சளாகிச் சாகும். இந்தக் குறுகல் வரப்புதான் செம்மறிய உலக ஆராய்ச்சிக் கூடங்களுக்குள்ள கொண்டுபோச்சு. உடம்புக்குள்ள செம்பு கொஞ்சம் அசைஞ்சாலும் செம்மறி காட்டிக் கொடுத்துடும்.

துத்தநாகத்தின் முறை

1955-ல் அமெரிக்காவின் அலபாமாவில் டக்கர், சால்மன் ரெண்டு பேரும் பன்றிகளுக்கு வர்ற ஒரு தோல் நோய், தடிச்சு வெடிச்சு பொருக்குத் தட்டுற நோய், துத்தநாகம் கொடுத்தா மறையுதுன்னு காட்டினாங்க. பண்ணையில நெசமாவே துத்தநாகம் பத்தாமப் போகும்னு அப்பத்தான் நம்பினாங்க. 1964-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆட்டுக்குட்டிகளுக்கு அதே பற்றாக்குறைய உண்டாக்கிக் காட்டினாங்க. மயிர் உதிரும், தோல் தடிக்கும், எச்சில் ஒழுகும், வளர்ச்சி நிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பரிசோதனை 1969-ல் நடந்தது. நம்ம கோபால்ட் அண்டர்வுட்டும் சோமர்ஸும் செஞ்சது. கிடாக்குட்டிகளுக்கு மூணு விதத் தீவனம், கிலோவுக்கு 2.4, 17.4, 32.4 மில்லிகிராம் துத்தநாகம். 2.4 சாப்பிட்டது வளரவே இல்ல. 17.4 சாப்பிட்டது நல்லா வளந்துச்சு, கண்ணால பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா விரை வளர்ச்சியும் விந்து உற்பத்தியும் 32.4 கிடைச்ச கிடாவுக்குத்தான் முழுசா இருந்தது. கறிக்கு விக்கிறதுன்னா 17 போதும், மந்தைக்குக் கிடாவா விடணும்னா பத்தாது! 'போதும்'ங்கிற வார்த்தைக்கு 'எதுக்குப் போதும்'னு ஒரு துணைக்கேள்வி உண்டுன்னு இந்த ஆடுங்க சொல்லிடுச்சு.

சரி, கூடப் போனா? அதே பர்டியூ குழு 1966-ல் அதையும் பாத்துச்சு. கிலோவுக்கு 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம், போனதும் குட்டிங்க தீவனத்த ஒதுக்கிச்சு, எடை ஏறுறதும் கொறஞ்சது.

பெரிய அதிர்ச்சி ஸ்காட்லாந்தின் அபர்டீன்ல இருக்கிற ரௌவட் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்தது. (இதோட முதல் இயக்குநர் ஜான் பாய்ட் ஓர், 1949-ல் அமைதிக்கான நோபல் வாங்கினவர்.) அங்க கேம்ப்பெல், மில்ஸ் ரெண்டு பேரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வுல, சினை ஆடுகளுக்குச் செம்பு குறைவான தீவனத்தோட கிலோவுக்கு 750 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தாங்க. தாய்க்கும் குட்டிக்கும் கடுமையான செம்புப் பற்றாக்குறை. பெரும்பாலான குட்டிங்க பிழைக்கல. சரி, செம்பையும் சேத்துக் குடுத்துட்டா? செம்புப் பற்றாக்குறை சரியாச்சு, ஆனாலும் குட்டிங்க தேறல. அந்த அளவுல துத்தநாகமே நேரடியா தன் கைவரிசையக் காட்டிடுச்சு.

வயித்துச் சுவர்ல ஒரு பொறி

இது எப்படி நடக்குது? ஹில், மேட்ரோன் ரெண்டு பேரும் 1970-ல் ஒரு பொது விதி மாதிரி சொன்னாங்க. எலக்ட்ரான் அமைப்புல ஒரே சாயல் இருக்கிற உலோகங்கள் உடம்புக்குள்ள ஒண்ணோட இடத்துக்கு இன்னொண்ணு போட்டி போடும். பக்கத்து வீட்டுக்காரங்களான செம்பும் துத்தநாகமும் இதுக்குத் தோதான ஜோடி.

குடல்ல நடக்கிறது இன்னும் சுவாரஸ்யம். 1957-ல் மார்கோஷஸ், வாலி ரெண்டு பேரும் குதிரையோட சிறுநீரகத்துல ஒரு புரதத்தக் கண்டுபிடிச்சாங்க. பேரு மெட்டலோதயோனின். உலோகத்தப் பிடிச்சு வச்சுக்கிறதுதான் இதோட வேலை. துத்தநாகம் நெறைய வந்தா குடல் சுவரோட செல்கள் இந்தப் புரதத்த நெறைய உற்பத்தி பண்ணும். வேடிக்கை என்னன்னா, இந்தப் புரதத்துக்குத் துத்தநாகத்தை விடச் செம்பு மேலதான் பிடிப்பு அதிகம். துத்தநாகம் வச்ச பொறியில செம்பு மாட்டிக்கும். குடல் செல்லுக்கு ஆயுசு சில நாள்தான். செல் உதிரும்போது புடிச்சு வச்ச செம்பும் சாணத்தோட வெளிய போயிடும். ரத்தத்துக்குள்ள ஏறவே ஏறாது.

சங்கிலி இதோட நிக்கல. செம்பு கொறஞ்சா இரும்ப எடுத்துக் கொடுக்கிற ஆள் இல்ல. 1928-ல் எலி சொன்ன கதை ஞாபகம் இருக்கா? ஈரல்ல இரும்பு இருந்தும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது, ரத்த சோகை வரும். போட்டது துத்தநாகம், விழுந்தது செம்பு, அடிபட்டது இரும்பு. ஒரு மாட்யூல்ல ஃபிக்ஸ் போட்டா வேற எங்கயோ உடையுறத தினம் பாக்கிற நமக்கு இது புதுசில்ல.

விஷத்துக்கு விஷம்

ஒரு இடத்துல உடையுறது இன்னொரு இடத்துல மருந்தாகுமே? ஆச்சு. அதே ரௌவட் நிலையத்துல பிரம்னர், யங், மில்ஸ் மூணு பேரும் 1976-ல் செம்பு அதிகமான தீவனம் திங்கிற செம்மறிகளுக்குத் துத்தநாகத்தக் கூட்டிக் குடுத்தாங்க. ஈரல்ல செம்பு சேர்றது குறைஞ்சது, ஈரலும் தப்பிச்சது.

நியூசிலாந்து கதை இதவிட சூப்பர். அங்க கோடை முடியிற சமயம் ஆடு, மாட்டுக்கு மூஞ்சித் தோல் வெந்து உரியிற ஒரு நோய் வரும். காய்ஞ்ச புல்லுல வளர்ற ஒரு பூஞ்சைதான் காரணம்னு 1958-ல் ருவாகுரா ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிச்சது. பூஞ்சையோட விஷம் ஈரலைக் கெடுக்கும், அதனால தோல் வெயில் தாங்காம வெந்துபோகும். காரணம் தெரிஞ்சும் மருந்து இல்ல. 1970-கள்ல தே அரோஹா ஊர்ல மாட்டுப்பண்ணை வச்சிருந்த கிளாடிஸ் ரீட்ங்கிற அம்மா, துத்தநாகம் கொடுத்தா இது வராதுன்னு சொன்னாங்க. படிச்சவங்க முதல்ல நம்பல. அந்தம்மா விடல. கடைசியில விஞ்ஞானிகள் பரிசோதிச்சாங்க. 1977-ல் செம்மறியிலயே துத்தநாக சல்பேட் காப்பாத்துதுன்னு அதிகாரபூர்வமா கட்டுரை வந்தது. அந்த விஷம் தன் வேலையக் காட்டுறதுக்குச் செம்பு கூட்டாளியா வேணும், துத்தநாகம் நடுவுல பூந்து அந்தக் கூட்டணிய ஒடைக்குதுன்னு பின்னாடி விளக்கம் கிடைச்சது.

இன்னைக்கும் அங்க அந்த சீசன்ல செம்மறிக்குத் துத்தநாகம் மெதுவா கரையிற குளிகைய வயித்துக்குள்ள இறக்குறாங்க. தேவையை விடப் பல மடங்கு. தெரிஞ்சே கொடுக்கிறாங்க, ஆனா சீசன் முடிஞ்சதும் நிறுத்திடுவாங்க. நிறுத்தலன்னா கணையம் போயிடும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இருக்கிறது காலண்டர்தான்.

பக்சர்லேர்ந்து போன டாக்டர்

இப்ப நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர் வர்றார். ஆனந்த பிரசாத். 1928-ல் பீகார் மாநிலம் பக்சர்ல பொறந்தவர், பாட்னாவில் மருத்துவம் படிச்சவர். அமெரிக்கா போய் மேல் படிப்பு முடிச்சு, 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனார். அங்க 21 வயசு இளைஞன் ஒருத்தனக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. பாத்தா பத்து வயசுப் பையன் மாதிரி இருந்தான், பருவ வளர்ச்சியே இல்ல. சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, அதோட மண்ணும் தின்பான். தானியத்து உமியில இருக்கிற ஃபைட்டேட் துத்தநாகத்தப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புக்கு விடாது. ஆட்டுக்கு அசைபோடுற வயித்துல இருக்கிற நுண்ணுயிர்கள் ஃபைட்டேட்ட ஒடச்சிடும், மனுஷனுக்கு அந்த வசதி கிடையாது. மனுஷனுக்கும் துத்தநாகப் பற்றாக்குறை வரும்னு பிரசாத் 1961-ல் சொன்னப்ப நம்பாதவங்கதான் அதிகம். எகிப்துல 1963-ல் நிரூபிச்சுக் காட்டினார். 2004-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வயித்துப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோட தினம் 20 மில்லிகிராம் துத்தநாகம் 10-லேர்ந்து 14 நாளைக்குக் கொடுங்கன்னு (ஆறு மாசத்துக்குக் கீழன்னா 10 மில்லிகிராம்) சொன்னதுக்கு விதை அங்க போட்டதுதான்.

ஆனா இந்தப் பதிவுக்கு முக்கியமானது அவரோட இன்னொரு கட்டுரை. 1978-ல் பிரசாத், ஜார்ஜ் ப்ரூவர் குழு, அரிவாள் செல் ரத்த சோகைக்காகத் துத்தநாகம் சாப்பிட்டுக்கிட்டிருந்த நோயாளிக்கு ரத்தத்துல செம்பு விழுந்துடுச்சுன்னு எழுதினாங்க. செம்பு கொடுத்ததும் சரியாச்சு. ஆட்டுல பாத்தது அப்படியே மனுஷன்ல!

பக்கவிளைவு தெரிஞ்சதும் அதையே மருந்தாக்கினாங்க. வில்சன் நோய்னு ஒண்ணு இருக்கு. பரம்பரையா வர்றது, ஈரலும் மூளையும் செம்பைச் சேத்து வச்சுக்கும். கிட்டத்தட்ட செம்மறி ஆட்டோட பிரச்சினைதான். ஹாலந்துல 1961-லயே ஷௌவிங்க் இதுக்குத் துத்தநாகத்த முயற்சி பண்ணியிருந்தார். 1983-ல் ப்ரூவரும் பிரசாத்தும் துத்தநாகத்தோட பலன வெளியிட்டாங்க. 1997-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் துத்தநாக அசிடேட்டை இந்த நோய்க்கு அனுமதித்தது. அதே குடல் பொறி, அதே மெட்டலோதயோனின்.

பெரியவங்க ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல தொடர்ந்து சாப்பிடக் கூடாதுன்னு அமெரிக்காவில் 2001-ல் வரம்பு வச்சாங்க. அந்த வரம்புக்கு அடிப்படையும் செம்புதான். ஆனா கொரோனா சமயத்துல 50 மில்லிகிராம் மாத்திரையும் கடையில சர்வ சாதாரணம். ஒரு வாரம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல போனா ரத்த சோகை, கை கால் மரத்துப்போறதுன்னு வரலாம். ஆஸ்திரேலியக் குட்டிங்களுக்கு நரம்பு கெட்டது நினைவிருக்குதானே?

நம்ம ஊர் மண்ணு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆடு, நமக்கென்ன?"ன்னு கேக்கலாம். பூந்தமல்லி, ஆவடி, திருவள்ளூர் சுத்துவட்டாரத்துல மேயிற சிவப்பு நிறச் செம்மறிக்குன்னு தனி இனப் பேரே இருக்கு, 'மெட்ராஸ் ரெட்', தமிழ்ல சென்னைச் சிவப்பு. கம்பளி கிடையாது, கறிக்காக வளக்கிற ஆடு. இந்த இனத்த வச்சு ஆராய்ச்சி பண்ற இடம் காட்டுப்பாக்கம். நம்ம பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் இல்லீங்க, பஸ் ஏறிடாதீங்க! அது செங்கல்பட்டு மாவட்டத்துல பொத்தேரி பக்கத்துல இருக்கு. 1903-ல் ஆரம்பிச்ச வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியையும் சேத்துக்கிட்டு 1989-ல் உருவான கால்நடைப் பல்கலைக்கழகத்தோட நிலையம் அது.

நம்ம பக்கம் கேள்வி மண்ணுலேர்ந்தே ஆரம்பிக்குது. 1966-ல் பந்த்நகர்ல ஒய்.எல். நேனே, நெல்லுல வர்ற 'கைரா' நோய் கிருமியால இல்ல, துத்தநாகம் பத்தாததாலன்னு காட்டினார். தமிழ்நாட்டு மண்ணுலயும் துத்தநாகக் குறைவு பரவலா உண்டு. அதான் நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடுங்கன்னு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. மண்ணுல இல்லன்னா வைக்கோல்ல இல்ல, வைக்கோல்ல இல்லன்னா ஆட்டுக்கும் இல்ல. அதனால துத்தநாகம் சேர்க்கிறது நம்ம ஊர்ல தேவையான வேலைதான், அதுல சந்தேகமே இல்ல. எவ்வளவு, யாருக்கு, கூட என்னங்கிறதுதான் கேள்வி. பெங்களூர்ல இருக்கிற தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் மாவட்டம் மாவட்டமா மண்ணு, தீவனம், ரத்தம் எடுத்துப் பாத்து, அந்தந்த ஊருக்கு எது குறைச்சலோ அத மட்டும் சேக்கிற தாது உப்புக் கலவைய வடிவமைக்கிறதுக்குக் காரணமும் இதுதான்.

சென்னீர்குப்பத்துல பிளாட் போட்டு விக்காம கெடக்கிற காலி மனைங்கள்ல ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். ஒரு நாள் கேட்டார்.

"இன்னா தம்பி, மாட்டுக்கு வாங்கியாந்த தாது உப்பு மிச்சம் கீது. ஆட்டுக்கும் போட்டா நல்லா ஏறும்ல?"

"ஐயா, மூட்ட மேல ஆடுன்னு போட்டிருக்கா?"

"மாடு படம்தான் போட்டுக்கீறான். சத்துதானப்பா, ஆடு தின்னா இன்னா?"

மாட்டுக்கு அளந்து போட்ட செம்பு அதுல இருக்கும். மாடு தாங்குறத செம்மறி தாங்காது. அவர்கிட்ட மெட்டலோதயோனின் எல்லாம் பேசல. "செம்மறிக்குச் செம்பு ஆகாதுங்கய்யா, ஈரல்ல தங்கிடும். கால்நடை ஆஸ்பத்திரியில ஆட்டுக்குன்னு தனியா கேட்டு வாங்குங்க"ன்னு சொன்னேன். "ஓகோ, அதுக்கொரு கணக்குக் கீதா"ன்னு மூட்டைய மாட்டுக்கொட்டாய்லயே வச்சுட்டார். பத்து இருபது ஆடு வச்சிருக்கிறவருக்கு ரெண்டு சினை ஆடு போனா அது வீட்டுல ஒரு பள்ளிக்கூட ஃபீஸ் போற மாதிரி.

கடைசியா

நூறு வருஷ ஆராய்ச்சிய ஒரு வரியில சொல்லணும்னா: சத்து விஷயத்துல கூட்டல் மட்டும் தெரிஞ்சா பத்தாது, எதைக் கூட்டினா எது கழியும்னும் தெரியணும். துத்தநாகத்த உள்ள விட்டா செம்பு வெளிய போகும், செம்பு போனா இரும்பு தடுமாறும். செம்புலயும் மாலிப்டினமும் கந்தகமும் சேந்து இதே வேலையச் செய்யும். செம்மறியில பாத்த அந்தக் கூட்டணியில இருந்தும் வில்சன் நோய்க்கு ஒரு மருந்து முயற்சி கிளம்புச்சு. அதுக்குத் தனிப் பதிவே போடணும்.

உங்க ஊர்ப் பக்கம் குட்டி பொறந்ததும் பின்னங்கால் தள்ளாடுறதுக்கோ, ஆடு திடீர்னு மஞ்சளாகி சாகிறதுக்கோ நாட்டுப் பேரு ஏதாச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கால்நடை மருத்துவம் படிச்சவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா மாலிப்டினம் மேட்டரை நீங்களே எழுதினாலும் சந்தோஷம்தான், எனக்கு ஒரு வேலை மிச்சம் :-)